மாறா உருவமும் மாறா எடையும்: உரோமானிய வெள்ளிக் காசுகளின் படிமங்களைப் படிக்கும் முறை குறித்து

ஆய்வுச் சுருக்கம்

உரோமானிய வெள்ளிக் காசுகளில் உள்ள உருவங்களை அரசின் பரப்புரையாகக் கொள்வது நாணயவியலில் நெடுநாள் வழக்கம். தென்னிந்தியாவில் மிகுதியாகக் கிடைத்துள்ள இரு தெனாரியஸ் வகைகளை இவ்விளக்கம் தெளிவுபடுத்தவில்லை. காசின் உருவம் செய்தி சொல்வதோடு, மாறாமல் நிலைத்து நின்று வெள்ளியின் எடைக்கும் தூய்மைக்கும் சான்றாகவும் பயன்பட்டது. பிளினி, தாசிட்டஸ் ஆகியோரின் குறிப்புகளையும் இந்தியப் புதையல்களையும் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை விவாதிக்கிறது.

திறவுச்சொற்கள்: தெனாரியஸ், அகஸ்டஸ், திபேரியஸ், பிளினி, முத்திரைக் காசு, மாக்கோதை

இரு காசுகள்

தென்னிந்தியாவில் கிடைத்த உரோமானிய வெள்ளிக் காசுகளை எடுத்துப் பார்ப்பவர் முன்னே மீண்டும் மீண்டும் வருவன இரண்டே வகைகள். கோயம்புத்தூர் வட்டாரப் புதையல்களாயினும், 1,531 காசுகள் கிடைத்த தெலங்கானாவின் அக்கன்பள்ளிப் புதையலாயினும் நிலைமை பெரிதும் இதுவே.

முதல் வகை அகஸ்டஸ் வெளியிட்டது. இன்றைய பிரான்சின் லியோன் நகரமாகிய லுக்துனும் அக்கசாலையில் அடிக்கப்பட்டது. முன்பக்கத்தில் லாரல் இலைமாலை சூடிய அகஸ்டசின் தலை. சுற்றிலும் அவரை நாட்டின் தந்தை என்று கூறும் வாசகம். அப்பட்டம் அவருக்குக் கி.மு. 2இல் வழங்கப்பட்டதாதலால் காசு அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது. பின்பக்கத்தில் தோகா அணிந்த இரு இளைஞர்கள் எதிர்நோக்கி நிற்கின்றனர். அவர்களிடையே ஊன்றிய இரு கேடயங்களும் அவற்றின் பின்னே ஈட்டிகளும் உள்ளன. மேலே பூசகருக்குரிய வேள்விக் கரண்டியும் நிமித்திகருக்குரிய வளைகோலும் காணப்படுகின்றன. இளைஞர்கள் காயுசும் லூசியசும். அகஸ்டசின் மகள் யூலியாவுக்குப் பிறந்து, பாட்டனாலேயே மகன்களாகத் தத்தெடுக்கப்பட்டவர்கள். காயுஸ் பூசகர் குழுவினர், லூசியஸ் நிமித்திகர் குழுவினர். குதிரைவீரர் வகுப்பார் இருவரையும் இளையோர் தலைவர் என வாழ்த்தி வெள்ளிக் கேடயமும் ஈட்டியும் வழங்கினர் என்பதை அகஸ்டசே தம் செயல்களைத் தொகுத்துரைத்த கல்வெட்டில் குறித்துள்ளார். வெள்ளிக் கேடயங்கள் வெள்ளிக் காசிலேயே இடம்பெற்றன.

ஒரு சிறு வட்டத்துக்குள் இவ்வளவு செய்தியை அடக்கியது அச்சுவெட்டியின் திறம். ஆனால் செய்தியின் ஆயுள் குறுகியது. லூசியஸ் கி.பி. 2இல் மசிலியாவில் இறந்தார், காயுஸ் கி.பி. 4இல் லிசியாவில் இறந்தார். வாரிசுத் திட்டம் முறிந்தது. இளவரசர்கள் இறந்த பின்னரும் இவ்வகை அடிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று கருதும் அறிஞர்கள் உள்ளனர். அடிக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும் காசு புழங்கியது. கடல் கடந்தும் வந்தது.

இரண்டாம் வகை அகஸ்டசுக்குப் பின் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியசுக்குரியது. முன்பக்கத்தில் அவர் தலை. பின்பக்கத்தில் கையில் செங்கோலும் கிளையும் ஏந்தி இருக்கையில் அமர்ந்த ஒரு பெண். வாசகம் அவள் பெயரைச் சொல்லவில்லை. தலைமைப் பூசகர் எனப் பொருள்படும் பொன்திஃப் மாக்சிம் என்னும் தொடரே உருவத்தைச் சுற்றி ஓடுகிறது. அது பேரரசரின் பட்டம். அமர்ந்திருப்பவள் திபேரியசின் தாய் லிவியா என்றும், அமைதித் தெய்வமாகிய பாக்ஸ் என்றும், லிவியாவே அமைதித் தெய்வ வடிவில் காட்டப்படுகிறாள் என்றும் கருத்துகள் உள்ளன. விவிலிய நற்செய்தியில் வரிக் கேள்வியை ஒட்டிக் காட்டப்பட்ட காசு இதுவே என்னும் மரபுவழி அடையாளமும் உண்டு. திபேரியசின் வெள்ளிக் காசு ஏறத்தாழ ஆட்சிக்காலம் முழுவதும் இந்த ஒரே வகையாகவே வெளிவந்தது என்பதே இவ்வாய்வுக்கு முதன்மையானது.

உருவத்தைப் பரப்புரை எனக் கொள்வோர்க்கு இக்காசு இடறலானது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே படத்தைப் பெயரும் குறிக்காமல் சொல்லிக்கொண்டிருந்த அரசு எதைப் பரப்பியது?

குடும்பக் கதைகளின் காலம்

தெனாரியஸ் தொடக்கத்திலும் மாறா உருவத்தையே கொண்டிருந்தது. ஹன்னிபாலுடனான போர்க்காலத்தில், ஏறத்தாழக் கி.மு. 211இல் அது அறிமுகமானபோது முன்பக்கத்தில் தலைச்சீரா அணிந்த உரோமாவின் தலையும், பத்து செப்பு ஆஸ்களுக்குச் சமம் என்று காட்டும் எண்குறியும் இருந்தன. பின்பக்கத்தில் இரட்டைத் தெய்வங்களாகிய காஸ்டரும் பொல்லுக்சும் குதிரை மீது பாய்ந்தனர். பின்னர் இரு குதிரை பூட்டிய தேரில் நிலாத் தெய்வமோ வெற்றித் தெய்வமோ செல்லும் வகைகள் வந்தன. அவற்றுக்குத் தேரின் பெயராலேயே பிகாட்டி என்னும் வழக்குப் பெயர் ஏற்பட்டது. மக்கள் காசைப் படத்தால் அடையாளம் கண்டனர் என்பதற்கு இப்பெயரே சான்று.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலை மாறியது. அக்கசாலைப் பொறுப்பு அரசியல் வாழ்வின் வாயிலில் நின்ற இளைஞர் மூவரிடம் இருந்தது. அவர்கள் தத்தம் குலப்பெருமையைக் காசில் ஏற்றத் தொடங்கினர். செக்ஸ்துஸ் பொம்பேயுஸ் என்பவர் ஓநாயிடம் பால் குடிக்கும் இரட்டைக் குழந்தைகளையும் அவர்களைக் கண்டெடுத்த இடையனையும் பொறித்தார். கி.மு. 89இல் தித்தூரியுஸ் சபீனுஸ் சபீனப் பெண்கள் கவரப்படும் காட்சியைப் பொறித்தார். கி.மு. 82இல் மாமிலியுஸ் லிமெதானுஸ் கோலூன்றி வரும் யுலிசசையும் அவரை இனங்கண்டு நிமிரும் நாய் ஆர்கோசையும் பொறித்தார். மாமிலியர் தம் குலமுதல்வனாகக் கொண்டது யுலிசசின் மகனையே. மைக்கேல் கிராஃபோர்டு 1974இல் வெளியிட்ட குடியரசுக் காலக் காசுத் தொகுதியைப் புரட்டுவோர், ஆண்டுதோறும் படம் மாறும் இவ்வேகத்தை உடனே உணர்வர். எதிரிகளும் இம்மொழியைக் கற்றனர். உரோமை எதிர்த்துப் போரிட்ட இத்தாலிய நேச இனத்தார் தம் வெள்ளிக் காசில் ஓநாயைக் கொம்பால் குத்தும் காளையைப் பொறித்தனர்.

இம்மொழியின் உச்சமும் முறிவும் புரூட்டசின் காசுகளில் உள்ளன. கி.மு. 54இல் அக்கசாலை அலுவலராக இருந்த அவர், விடுதலைத் தெய்வத்தின் தலையை ஒருபக்கமும், மன்னராட்சியை வீழ்த்திய தம் முன்னோர் புரூட்டசைக் காவலர் சூழ மறுபக்கமும் பொறித்தார். கி.மு. 44இல் சீசர் உயிருடன் இருக்கும்போதே உரோமில் அவர் முகம் காசில் ஏறியது. அதற்கு முன் அவ்வழக்கம் அங்கு இல்லை. சீசரைக் கொன்றவர் கி.மு. 42ஐ ஒட்டி வெளியிட்ட காசில், விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி இரு குத்துவாள்களின் நடுவே நிற்கிறது. கொலை நிகழ்ந்த மார்ச்சு நடுநாளைக் குறிக்கும் சுருக்கம் கீழே. காசியுஸ் தியோ தம் வரலாற்றில் இக்காசை விவரிக்கும் அளவுக்கு அது பெயர்பெற்றது. ஆனால் முன்பக்கத்தில் இருப்பது புரூட்டசின் முகம். பின்பக்கம் மன்னனைக் கொன்றதைக் கொண்டாட, முன்பக்கம் அம்மன்னனின் வழக்கத்தை மேற்கொள்கிறது. முன்பக்கம் இதன்பின் பேரரசருக்கு உரியதாயிற்று.

தபால்தலை வாதம்

பேரரசுக் காலக் காசுப் படங்களைப் பொதுமக்கள் கருத்தை உருவாக்கும் கருவியாகக் காணும் கொள்கையை 1956இல் ஏ.எச்.எம். ஜோன்ஸ் கடுமையாக ஐயுற்றார். காசுப் படங்களுக்கு இன்றைய தபால்தலைப் படங்களுக்கு உள்ள முதன்மைக்கு மேல் தரத் தேவையில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். சி.எச்.வி. சதர்லாந்து 1959இல் மறுமொழி அளித்தார். படங்கள் புரிந்துகொள்ளப்படும்படியே அமைக்கப்பட்டன. புரியாத படத்தை மாற்றி மாற்றி அடிப்பதற்கு அரசு ஏன் உழைக்க வேண்டும் என்பது அவர் தரப்பின் வலு.

குடியரசுக் காலக் காசுகளைப் பொறுத்தவரை சதர்லாந்து தரப்பே ஏற்கத்தக்கது. ஓநாயைக் குத்தும் காளையைத் தபால்தலைப் படமாகத் தள்ளிவிட இயலாது. அகஸ்டசின் இளவரசர் காசும் தொடக்கத்தில் ஒரு செய்தியே. ஆயினும் இரு தரப்புக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. படம் செய்தி சொன்னதா இல்லையா என்பதோடு இருவரும் நின்றுவிடுகின்றனர். செய்தி காலாவதியான பின்னும், செய்தியை அறியாதவர் கைகளிலும் அதே படம் என்ன பணி செய்தது என்பது வினாவாகவே எழவில்லை.

முகத்தை உரோமானியர் பொருட்படுத்தவில்லை என்று இதற்குப் பொருளன்று. அகஸ்டசின் உருவம் பொறித்த காசையோ மோதிரத்தையோ கழிப்பிடத்துக்கோ விலைமகளிர் இல்லத்துக்கோ எடுத்துச் செல்வது திபேரியஸ் காலத்தில் உயிர்ப்பறிக்கும் குற்றமாயிற்று என்று சூட்டோனியஸ் கூறுகிறார். திபேரியசைக் கொடியவராகக் காட்டும் நோக்கில் அவர் மிகைப்படுத்தியிருக்கலாம். உருவத்துக்கு இருந்த எடையை மறுக்க அது போதாது. அந்த எடை பேரரசின் எல்லைக்கு அப்பால் எவ்வாறு மாறியது என்பதே வினா.

இலங்கை அரசன் கண்டது

இதற்கு நேரடியாகப் பயன்படும் சான்று பிளினியின் இயற்கை வரலாற்று நூலின் ஆறாம் பகுதியில் உள்ளது. செங்கடல் வரியைக் குத்தகை எடுத்த அன்னியுஸ் பிளோகாமுஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை, அரேபியாவைச் சுற்றிச் சென்றபோது வடகாற்றால் அடித்துச் செல்லப்பட்டுப் பதினைந்தாம் நாள் தப்ரபேன் என்னும் இலங்கையின் துறையொன்றை அடைந்தான். அரசன் அவனை ஆறு மாதம் விருந்தோம்பினான். மொழி கற்ற அவன் உரோமையும் சீசரையும் பற்றிக் கூறினான். அவனிடமிருந்து எடுக்கப்பட்ட பணத்தைக் கண்ட அரசன் உரோமானியரின் நேர்மையை வியந்தான். காசுகளில் உருவங்கள் வேறுபட்டிருந்தமையால் அவை பல ஆட்சியாளர்களால் அடிக்கப்பட்டவை என்று தெரிந்தது. ஆனால் எல்லாவற்றின் எடையும் ஒன்றாக இருந்தது. இதன் விளைவாகக் கிளாடியுஸ் காலத்தில் தூதர் உரோமுக்குச் சென்றனர் என்பது பிளினியின் செய்தி.

இக்கதையைத் தமிழ், ஈழ வணிக வரலாறு எழுதுவோர் பலமுறை எடுத்தாண்டுள்ளனர். பெரும்பாலும் தூது நிகழ்ச்சிக்கும் பருவக்காற்றுக்கும் சான்றாகவே அது பயன்படுகிறது. காசின் படத்தை உரோமுக்கு வெளியே ஒருவர் எவ்வாறு பார்த்தார் என்பதற்கான அரிய குறிப்பு அதனுள் இருப்பது கவனம் பெறவில்லை. அரசன் இளவரசர்களையும் லிவியாவையும் அறியான். ஆயினும் உருவத்தைக் கண்ணால் கண்டான், ஒப்பிட்டான், வேறுபாட்டைக் குறித்துக்கொண்டான். பின் தராசில் இட்டான். உருவம் அவனுக்கு இது வேறொருவர் அடித்தது என்று மட்டும் சொல்லியது. அவன் வியப்புக்கு அதுவே வேண்டியிருந்தது. எல்லாக் காசிலும் ஒரே முகம் இருந்திருந்தால் ஒரே எடையில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பிளினி உரோமானியர், அயலரசன் வாயால் தம் நாட்டைப் புகழச் செய்யும் உத்தி அவர் காலத்தில் பழையது. கதையை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டியதில்லை. ஆனால் அவர் எழுதிய காலம் கதையைவிடச் சுவையானது. நூல் முற்றுப்பெற்றது கி.பி. 77ஐ ஒட்டி. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், கி.பி. 64இல், நீரோ தெனாரியசின் எடையைக் குறைத்துவிட்டார். உரோமானிய இராத்தல் ஒன்றுக்கு 84 காசுகள் என்றிருந்த அளவு 96 ஆயிற்று, ஏறத்தாழ 3.9 கிராம் இருந்த காசு 3.4 கிராமாக இறங்கியது. வெள்ளியின் தூய்மையும் தாழ்ந்தது. உருவம் மாறினாலும் எடை மாறாது என்று அயலரசன் வியந்த பண்பு, பிளினி அதை எழுதும்போது உரோமிலேயே இல்லை. அவ்வாசகத்தைத் தற்புகழ்ச்சியாகப் படிப்பதைவிடக் கடிந்துரையாகப் படிப்பது பொருந்தும்.

இந்தியப் புதையல்களும் இதே வரலாற்றைக் கூறுகின்றன. நீரோவின் குறைப்புக்குப் பிற்பட்ட தெனாரியஸ் இந்தியாவில் மிக அரிது. வணிகம் நிற்கவில்லை, பொற்காசு வந்தது. வெள்ளியில் மட்டும் பழைய இரு வகைகளே நாடப்பட்டன. அவற்றின் முன்பக்கத் தலையும் பின்பக்கத்து இரு இளைஞரும், அமர்ந்த பெண்ணும் எளிதில் அடையாளம் காணத்தக்கவை. எழுத்தறியாத கைக்கும் அவை போதும். திபேரியஸ் படத்தை மாற்றாதிருந்தது சோம்பலோ திட்டமோ, இந்தியச் சந்தையில் அதன் விளைவு ஒன்றே: படம் பழகியது, பழகியது நம்பப்பட்டது.

பேரரசின் மறு எல்லையில் கி.பி. 98இல் தாசிட்டஸ் எழுதிய செய்தி இதற்கு இணையாக நிற்கிறது. எல்லையை அடுத்த செருமானியர் நெடுநாள் அறிந்த பழங்காசையே விரும்பினர் என்கிறார் அவர். விளிம்பில் அரம்போல் பல் வெட்டியதையும் இரு குதிரைத் தேர் பொறித்ததையும். இரண்டும் குடியரசுக் காலத்தவை. யுலிசசும் நாயும் பொறித்த மாமிலியுசின் காசும் பல் வெட்டிய வகையைச் சேர்ந்தது. உரோமில் ஒரு குடும்பத்தின் புராண மரபை உரைத்த காசு, ரைன் ஆற்றங்கரையில் விளிம்பின் பல்லால் மதிப்புப் பெற்றது. தோற்றம் மாறி வந்த தலைவனை நாய் இனங்கண்ட கதை அங்கு யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முத்திரை, நகல், பெயர்

தென்னிந்தியர் இப்பார்வையை உரோமானியரிடம் கற்கவில்லை. திருச்சூர் மாவட்டத்து எய்யல் புதையலில் உரோமானியக் காசுகளோடு உள்நாட்டு வெள்ளி முத்திரைக் காசுகளும் சேர்ந்து கிடைத்தன. முத்திரைக் காசில் ஒரே படம் இல்லை. கதிரவன், மலை, விலங்கு எனப் பல குறிகள் தனித்தனியே அடிக்கப்பட்டிருக்கும். புழக்கத்தில் சிறு குறிகள் மேலும் சேரும். இத்தகைய வெள்ளியைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டவர்களுக்குக் காசின் மேலுள்ள குறி என்பது முதலில் ஒப்புதல் அடையாளம். தெனாரியசின் இரு பக்கப் படங்களும் அவர்கள் கண்ணில் இரண்டு பெரிய முத்திரைகளாகவே பட்டிருக்கும். உரோமானியப் படம் இங்கே புரியாமல் போனது என்று இரங்கும் எழுத்துகள், புரிதல் என்பதை மிகக் குறுக்கிவிடுகின்றன.

படத்தைப் பொருட்படுத்தாமல் வெள்ளியை மட்டும் கண்டனர் என்னும் எதிர்முனை வாதமும் நில்லாது. வெள்ளி மட்டுமே வேண்டியிருந்தால் நகல் எதற்கு? இந்தியாவில் இவ்விரு வகைகளின் உள்ளூர் நகல்களும் கிடைத்துள்ளன. அவற்றில் உருவங்கள் ஓரளவு காக்கப்படுகின்றன. இலத்தீன் எழுத்துகளோ கோடுகளாகவும் வளைவுகளாகவும் சிதைகின்றன. எது தேவைப்பட்டது, எது தேவைப்படவில்லை என்பதை நகலெடுத்தவரின் கை காட்டிவிடுகிறது. வடமேற்கில் குசான மன்னன் குசுல கட்பிசசும் தன் செப்புக் காசில் உரோமானியப் பேரரசரின் தலையை ஒத்த தலையைப் பயன்படுத்தினான். உலோகம் தாழ்ந்தது, தலை மட்டும் தொடர்ந்தது.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் தலைகள் உளியால் வெட்டுண்டிருந்தன. பொன் இக்கட்டுரையின் எல்லைக்குச் சற்று வெளியே நின்றாலும் அவ்வெட்டு இங்குக் கருதத்தக்கது. உள்ளே வேறு உலோகம் உண்டா என்று சோதித்தது, புழக்கத்திலிருந்து விலக்கியது, அயல்மன்னன் முகத்தை மறுத்தது எனப் பல விளக்கங்கள் தரப்படுகின்றன. சோதனை விளக்கம் வலுவற்றது. சோதிக்க எந்த இடத்தில் வெட்டினாலும் போதும், முகத்தைத் தேட வேண்டியதில்லை. வெட்டியவர் உருவத்தைப் பார்த்தே வெட்டினார். உருவம் காசைக் காசாக்குகிறது என்று அறிந்தவரே அதைக் காசல்லாததாக்க உருவத்தைச் சிதைப்பார்.

சங்கப் பாடல்கள் இது குறித்து அதிகம் உதவவில்லை. யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு மீள்வதைப் பாடும் அகநானூற்று 149ஆம் பாட்டு முசிறித் துறையை விரிவாகக் காட்டினும் பொன்னின் மேலிருந்த முகத்தைக் கூறவில்லை. புலவர் கண்டது சரக்கு. முகத்தைக் கண்டவர்கள் அக்கசாலையில் இருந்தனர் என்பதற்குக் கரூரில் கிடைத்து, இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்ட சேரர் வெள்ளிக் காசுகள் சான்றாகின்றன. அவற்றில் மன்னன் தலை பக்கவாட்டில் பொறிக்கப்பட்டுள்ளது. தலைக்கு மேலே மாக்கோதை என்னும் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் உள்ளது. வில், யானை போன்ற குறிகளைக் கொண்ட சேரர் செப்புக் காசு மரபில் இல்லாத இவ்வமைப்பு உரோமானிய வெள்ளியின் தாக்கத்தால் வந்தது என்னும் அவர் முடிவு ஏற்கத்தக்கது.

தாக்கம் என்னும் சொல்லோடு நிறுத்திவிடுவது போதாது. நகலெடுத்தவர் கைவிட்ட பகுதி எழுத்து. மாக்கோதைக் காசின் அச்சுவெட்டி மீட்டெடுத்த பகுதியும் எழுத்தே. நெடுங்காலம் யாருடையது என்று தெரியாமல் நம்பிக்கைக்கு மட்டும் அடையாளமாக இருந்த தலைக்கு, கரூரில் அதைக் கையில் எடுப்பவர் வாசிக்கக்கூடிய எழுத்தில் ஒரு பெயர் கிடைத்தது. அவ்வெழுத்து தலையைச் சுற்றி வட்டமாக ஓடவில்லை. மேலே ஒரு வரியாக நிற்கிறது.